கோட்டைக் கதவைத் திறந்தவன்

கொருக்குப்பேட்டை கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கும் வேம்பு, ஊரறிந்த துரோகி. ஏப்ரல்தோறும் வியாசர்பாடியில் போடும் சோக நாடகத்தில், ராசாவின் உப்பைத் தின்றுவிட்டு எதிரிக்குக் கோட்டைக் கதவைத் திறந்துவிடும் தளபதி அவன்தான். ராசாவுக்கு மாலை விழும். வேம்புவுக்குச் செருப்பு விழும். மறுநாள் மீன்காரம்மா கார்குழலி, "கூடவே இருந்து கயுத்த அறுத்தவனுக்கு மீனு ஒரு கேடா?" என்று விரட்டிவிடுவாள். வேம்பு வெறும் பையை ஆட்டிக்கொண்டு, விசிலடித்தபடி வீடு திரும்புவான்.

அவன் மனைவி ரமாபாய் மட்டும் நாடகத்தைப் பார்த்ததே இல்லை. "இந்த மூஞ்சிக்கு வேஷம் ஒண்ணுதான் கொறச்சல்" என்பாள்.

2001இல்தான் முதன்முதலாக வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். ராசா செத்தபோது முந்தானையில் மூக்கைச் சிந்தினாள். விடிந்ததும் வேம்பு வேடம் கலைத்துவிட்டு வீட்டுக்குப் போனால், கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

"நாந்தான். கதவ தொறமே."

"கோட்டக் கதவயே தொறந்தவனாச்சே. இதயும் நீயே தொறந்துக்கோ."

வேம்பு படியில் உட்கார்ந்துவிட்டான். முகமெல்லாம் பல்.

வேலைக்குக் கிளம்பிய பக்கத்து வீட்டு லட்சுமணன் நின்று பார்த்தான். "இன்னா மாமு, வெளிய குந்திகினு கீறே?"

"சும்மா இரு நைனா," என்றான் வேம்பு. "உள்ள எனக்குக் கை தட்டிகினு கீறா."