ஒளித்து வைத்த ஒரு வாக்கியம்

எழுப்புதல் கூட்டத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது தலைமை உபதேசியாருக்கு முறைக்காய்ச்சல் கண்டது. வெளிநாட்டுப் பிரசங்கியார் யார் வந்தாலும் பக்கத்தில் நின்று வாக்கியம் வாக்கியமாகத் தமிழில் சொல்பவர் அவர்தான். கூட்டம் புதுச்சத்திரத்துக்கு மேற்கே ஒரு கிராமத்தில், மூன்று நாள், பனையோலைப் பந்தலில். பிரசங்கியார் சேலத்தில் ரயில் இறங்கிவிட்டார். மொழிபெயர்க்க ஆள் இல்லை.

இரண்டாம் யுத்தம் தொடங்குவதற்குச் சில வருஷங்கள் முன்பு அது. நான் மிஷன் பெண்கள் பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். இருபத்தாறு வயது. பள்ளியை நடத்திய வெள்ளைக்கார அம்மாளை எல்லோரும் மிஸ்ஸியம்மா என்போம். எட்டு வயதில் போர்டிங்கில் சேர்ந்த நாளிலிருந்து அவரிடம்தான் நான் இங்கிலீஷ் படித்தேன். அவர் என்னை அனுப்பலாம் என்றார். சபைப் போதகர் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு பெண்பிள்ளை பிரசங்கியார் துரைக்குச் சமமாக மேடையில் நின்று ஆண்களுக்குப் போதிப்பதை ஜனங்கள் ஏற்கமாட்டார்கள் என்றார். அப்படியானால் வேறு யார் இருக்கிறார்கள் என்று மிஸ்ஸியம்மா கேட்டார். போதகர் இங்கிலீஷ் புத்தகம் வாசிப்பார். காதால் கேட்டு உடனே சொல்ல அவருக்கு வராது. கடைசியில், நான் மேடைக்குக் கீழே தரையில் நின்று சொல்லலாம் என்று முடிவானது.

என்னால் முடியாது என்று சொல்லத்தான் முதலில் நினைத்திருந்தேன். போதகர் சொன்ன காரணத்தைக் கேட்ட பிறகு அதைச் சொல்வதில்லை என்று தீர்மானித்துக்கொண்டேன்.

அது சித்திரை மாதம். கிணறுகளில் தண்ணீர் இறங்கிப்போய்த் தோட்ட வேலை ஓய்ந்திருந்ததால் சுற்று வட்டாரத்து ஜனங்கள் நிறைய வந்திருந்தார்கள். பெரும்பாலும் பண்ணைகளில் வேலை செய்கிறவர்கள். முதல் அரைமணி நேரம் நான் தடுமாறினேன். துரை தன் வாக்கியத்தை நீட்டிக்கொண்டே போவார். என்ன செய்தார் என்ற வினையை அவர் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவார். எனக்கோ தமிழில் அது கடைசியில்தான் வரவேண்டும். அதை மனதில் பிடித்து வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் அவர் அடுத்ததைத் தொடங்கியிருப்பார். மத்தியானம் சாப்பாட்டு வேளையில் அவரிடமே போய், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நின்று எனக்கு இடம் கொடுக்கவேண்டும் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே சரி என்றார்.

பிற்பகல் பின்வரிசை ஆண்கள் என் குரல் கேட்கவில்லை என்றார்கள். துரை குனிந்து என்னை மேலே வரச்சொல்லிக் கைகாட்டினார். ஏறினேன். போதகர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். ஜனங்கள் யாரும் எழுந்து போகவில்லை.

அன்று துரை, மேய்ப்பன் முன்னால் நடக்க ஆடுகள் பின்னால் வரும் என்று சொன்னார். எங்கள் பக்கத்தில் ஆட்டுக்காரர் மந்தைக்குப் பின்னால்தான் நடப்பார். கேட்கிறவர்கள் குழம்பவேண்டாம் என்று "அந்தத் தேசத்தில்" என்று நானாகவே சேர்த்துக்கொண்டேன். அது சரியாகப் பொருந்தியது. அதனால்தானோ என்னவோ, வேண்டியதைச் சேர்க்கவும் குறைக்கவும் எனக்கு உரிமை இருக்கிறது என்ற எண்ணம் வந்துவிட்டது.

மறுநாள் துரையின் பேச்சு கண்டிப்பாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு ஏழெட்டுப் பேருக்கு மேல் வருவதில்லை என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். நீங்கள் சோம்பேறிகள், தேவனைவிடத் தூக்கத்தை நேசிக்கிறீர்கள் என்றார். எனக்கு எதிரே முன்வரிசையில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வர இன்னும் கொஞ்சம் பிரயாசப்படுங்கள்" என்று சொல்லிவிட்டேன். துரை அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட்டார்.

கூட்டம் கலைந்ததும் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் துண்டைக் கையில் பிடித்தபடி என்னிடம் வந்தார். முதல் யுத்தத்தில் சுமை தூக்கும் படையில் சேர்ந்து ஈராக்கிலுள்ள பஸ்ரா வரை போய்வந்தவர் என்று பிறகு தெரிந்தது.

"டீச்சரம்மா, தொரை சொன்னது அதில்லீங்களே. 'லேஸி'ன்னாருங்க, சோம்பேறின்னு. பஸ்ராவுல சார்ஜண்டு எங்களைத் தெனமும் அப்படித்தான் கூப்புடுவான்" என்றார்.

எனக்கு முகம் சுட்டது. உங்களுக்கு மனசு நோகுமே என்றுதான், என்று ஏதோ சொன்னேன்.

"நோகுமுன்னு நீங்களே மறைச்சுப்போட்டீங்க. நெசமாச் சொல்லியிருந்தீங்கன்னா நாங்க பதில் சொல்லியிருப்பமுங்க."

அவர் கோபமாகப் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். இரக்கம் என்று நான் நினைத்தது அவர்கள் வாயை அடைத்த காரியம் என்பது அப்போதுதான் உறைத்தது.

மூன்றாம் நாள் காலை கூட்டத்துக்கு முன்பு துரையிடம் போய், நேற்று உங்கள் வாக்கியம் ஒன்றை நான் சொல்லவில்லை, இன்று சொல்லப்போகிறேன் என்றேன். அவர் முகம் கடுத்தது. பிறகு தலையசைத்தார். ஜெபம் முடிந்ததும் நான் முன்னால் வந்து, நேற்று ஒன்றை மறைத்தேன் என்று ஜனங்களிடம் ஒப்புக்கொண்டு, துரை சொன்னதைச் சொன்னபடியே சொன்னேன்.

முன்வரிசையில் ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு எழுந்து நின்றாள்.

"ஏனுங்க டீச்சரம்மா, நாங்க சொல்றதைத் தொரைகிட்டச் சொல்லுவீங்களா?"

போதகர் என்னைப் பார்த்து வேண்டாம் என்று கையசைத்தார். "சொல்றேங்க" என்றேன்.

"கோழி கூப்புட எந்திரிச்சுப் போறமுங்க. மாட்டைக் கட்டிக் கவலை ஓட்டிக் கெணத்துத் தண்ணி எறைச்சு, பாத்தி கட்டி, ஊடு வந்து சேரப் பொழுது உழுந்துருதுங்க. பண்ணையத்துல ஞாயித்துக்கெழமைன்னு ஒண்ணு இல்லீங்க. போதகர் ஐயரு பத்து மணிக்குக் கோயல் மணி அடிக்கறாரு. தண்ணி பாய்ச்சிக்கிட்டே கேக்கறோம். பொழுது உழுந்தப்பறம் கோயலத் தெறந்து வெச்சா ஒருத்தரும் ஊட்டுல இருக்க மாட்டமுங்க."

அவள் நிறுத்திய இடத்திலெல்லாம் நான் இங்கிலீஷில் சொன்னேன். அந்த மேடையில் அதுவரை பேச்சு ஒரே திசையில்தான் போயிருந்தது. துரை புத்தகத்தை மூடிவிட்டு, இப்படி வேலை செய்கிறவர்கள் எத்தனை பேர் என்று கேட்கச் சொன்னார். பந்தல் முழுக்கக் கைகள் உயர்ந்தன. அவர் வரிசை வரிசையாக எண்ணிப் பார்த்தார். பிறகு, எனக்கு வேறு மாதிரி சொல்லியிருந்தார்கள் என்றார்.

துரைக்கு அப்படிச் சொன்னவர் போதகர்தான். அந்த வாக்கியம் அவரைச் சுடும் என்று எனக்குத் தெரியும். ஊருக்கு வந்து ஒரு வருஷமே ஆன மனுஷர். ஆனாலும் அதையும் தமிழில் சொன்னேன். எல்லாத் தலைகளும் அவர் பக்கம் திரும்பின.

துரை மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. ஒரு ஜெபம் சொல்லிக் கூட்டத்தைச் சீக்கிரம் முடித்துவிட்டார். அடுத்த வருஷமும் அதற்கடுத்த வருஷமும் கூட்டத்துக்குப் போதகர் என்னைக் கூப்பிடவில்லை, உபதேசியாரே போனார். எனக்கு வருத்தம் இருந்தது. செய்தது தப்பு என்று மட்டும் ஒருநாளும் தோன்றவில்லை. மிஸ்ஸியம்மா மிஷன் மேலிடத்துக்கு விடாமல் எழுதிக் கேட்டதில், கூட்டம் நடந்த வருஷமே ஆடிக்குள் அந்த ஊரில் ஆராதனை ஞாயிறு சாயங்காலத்துக்கு மாறியது. இடம் போதாமல் வாசலிலும் உட்கார்ந்தார்கள் என்று கேள்விப்பட்டேன்.

மூன்றாம் வருஷம் போதகர் சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வந்தார். இந்த வருஷம் நான் வந்தால்தான் பந்தல் போடுவோம் என்று ஊர்க்காரர்கள் சொல்லிவிட்டார்களாம். இரண்டு காரியம் கேட்டேன். துரை சொல்வதை ஒரு சொல் விடாமல் சொல்வேன். ஜனங்கள் திருப்பிச் சொன்னால் அதையும் ஒரு சொல் விடாமல் சொல்வேன். முதலாவதற்குச் சரி என்றார். இரண்டாவதற்கு, ஆராதனை பஞ்சாயத்து அல்ல என்றார்.

"அப்ப நான் வரலீங்க ஐயா."

அவர் சைக்கிளைத் திருப்பினார். பிறகு, கூட்டத்தன்று காலை ஆறு மணிக்கு வண்டி வரும் என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார்.

அந்தக் கூட்டத்தில் ஆறு பேர் எழுந்து கேள்வி கேட்டார்கள். அதில் இரண்டு துரைக்குப் பிடிக்கவில்லை, ஒன்று போதகருக்குப் பிடிக்கவில்லை. ஆறையும் சொன்னேன்.