பாலம் இடிந்த தேதி

"கிளட்ச முழுசா மிதிங்க. இன்னிக்குத்தான் ரெண்டு ரயில் நேருக்கு நேர் மோதிச்சு."

பக்கத்து இருக்கையில் சாய்ந்துகொண்டு ஓட்டுநர் பயிற்சியாளர் இதைச் சொல்லும்போது முகத்தில் துளி குரூரம் இருக்காது. காலை வணக்கம் சொல்கிற குரல்தான். ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் அம்மாள்தான் அலறுவார்.

"எங்க சார்? நம்ம ஊர்லயா?"

"இன்னிக்குன்னா இன்னிக்கு இல்லம்மா. இதே தேதி. நம்ம தாத்தா காலத்துல. நீங்க கண்ணாடியப் பாருங்க."

பல் துலக்கும் முன்பே கைபேசியில் 'வரலாற்றில் இன்று' பக்கத்தைத் திறந்துவிடுவார். மேலே நிகழ்வுகள், கீழே பிறந்தவர்கள். நிகழ்வுகளிலும் உடன்படிக்கை, கண்டுபிடிப்பு எல்லாம் அவர் கண்ணில் படாது. மூழ்கியது, சரிந்தது, வெடித்தது மட்டும் நிற்கும். பிறந்தவர்கள் பக்கம் விரல் போனதே இல்லை. "பொறக்கறதுக்கென்ன, தினம்தான் பொறக்கறாங்க. பாலம் தினமுமா இடியுது?" என்பார்.

பயிற்சிப் பள்ளி மச்சினனுடையது. அக்கா புருஷனை வேலையை விட்டு நிறுத்தவும் முடியாமல், வைத்துக்கொள்ளவும் முடியாமல் அவன் படும் பாடு தனிக் கதை. "மாமா, கத்துக்க வர்றவங்களுக்கு ஏறும்போதே வேர்த்துக் கொட்டுது. ஒரு நாளாவது யாராவது பொறந்ததச் சொல்லுங்களேன்" என்று ஒருமுறை கெஞ்சினான். அவரும் மனமிரங்கி, ஒரு பெரிய பாடகிக்கு அன்று பிறந்தநாள் என்று ஒரு மாணவரிடம் சொன்னார். மாணவர் குஷியாகி அந்தப் பாடகியின் பாட்டை முணுமுணுத்தபடியே போய்க் குப்பைத்தொட்டியில் முட்டினார். "பாத்தியா? பயம் இருந்தாத்தான் பிரேக்ல கால் இருக்கும்" என்றார் மச்சினனிடம். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

போன வருஷம் அவருக்குத் தொப்புள் ஓரமாக ஒரு புடைப்பு வந்தது. குடலிறக்கம் என்றார் டாக்டரம்மா. அறுத்துத் தைத்துவிட்டால் சரியாகிவிடும், தள்ளிப்போட்டால் குடல் சிக்கிக்கொள்ளும். தேதி கொடுத்தார்கள். அன்று எரிமலை வெடித்திருந்தது, மனிதர் போகவில்லை. அடுத்த தேதியில் கப்பல் ஒன்று மூழ்கியிருந்தது. மூன்றாவது தேதியில் தேடித் தேடிக் கடைசியில் ஒரு சர்க்கஸ் கூடாரம் சரிந்ததைக் கண்டுபிடித்தார்.

"யாரும் சாகலன்னுதானே போட்டிருக்கு?" என்றாள் மனைவி.

"ஒருத்தர் கால யானை மிதிச்சிருக்கு."

மருந்துக் கடையில் நாளெல்லாம் நோயாளிகளோடு மல்லுக்கட்டுகிறவள் அவள். அன்று தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பிறகு ஒரு நாள் மேட்டில் வண்டியை நிறுத்தி எடுக்கப் பழக்கிக்கொண்டிருந்தார். கைபிரேக்கை இழுக்கச் சாய்ந்தவர் நிமிர முடியாமல் அப்படியே சுருண்டார். ரயில் மோதலுக்கு அலறிய அதே அம்மாள்தான் அன்றைய மாணவி. போக்குவரத்துக்குள் ஒருநாளும் நுழையாதவர், பல்லைக் கடித்துக்கொண்டு அவரை வீடு வரை ஓட்டிக்கொண்டு வந்தார். வழியெல்லாம் முனகலுக்கு நடுவே, "இண்டிகேட்டர் போடும்மா... ஐயோ... இண்டிகேட்டர்" என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தாராம்.

வலி தானாக அடங்கியது. மனைவி அடங்கவில்லை. மறுநாளே டாக்டரம்மா முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"நீங்க எந்தத் தேதியில பொறந்தீங்க டாக்டர்?"

"எதுக்கும்மா?"

"அன்னிக்கே அவர அறுத்துடுங்க."

"அன்னிக்கு நான் லீவும்மா!"

"சாயங்காலமா கொண்டாடுங்க. காலையில மட்டும் வந்து இந்த மனுஷன முடிச்சுக் குடுத்துடுங்க." சொன்ன பிறகுதான் சொன்னது எப்படித் தொனித்தது என்று அவளுக்கே உறைத்தது. டாக்டரம்மா சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

வீட்டில் தேதியைச் சொன்னதும் அவர் கைபேசியை எடுத்தார். "பாலம் இடிஞ்சிருக்கு."

"கீழ போங்க."

"கீழ என்ன இருக்கு?"

"போங்கன்னா!"

முதல்முறையாக அவர் விரல் கீழே இறங்கியது. கணக்கு மேதை, ஓட்டப்பந்தய வீராங்கனை, மருந்து கண்டுபிடித்த ஒருவர் என்று வரிசையாக வந்தார்கள். "நம்ம டாக்டரும் அன்னிக்குத்தான் பொறந்தாங்க. இதுல போடல, அவ்வளவுதான். நானே கேட்டுட்டு வந்தேன்" என்றாள்.

அவர் கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். பிறகு, "பாலம், கப்பல் எல்லாம் சும்மாடி. மயக்க மருந்து குடுத்தா திரும்ப முழிப்பேனான்னுதான்..." என்று இழுத்தார்.

அவளுக்குச் சண்டை போடும் வேகமெல்லாம் வடிந்துவிட்டது. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "முழிப்பீங்க. முழிச்ச உடனே, இன்னிக்கு என்ன தேதின்னு கேட்டு என் உயிர எடுப்பீங்க."

அந்தத் தேதியும் வந்தது. அறுவை அறையில் விளக்குக்குக் கீழே படுக்க வைத்தார்கள். முகக்கவசத்தோடு டாக்டரம்மா குனிந்தார். போர்வைக்குள்ளிருந்து அவர் கை வெளியே வந்தது.

"பொறந்தநாள் வாழ்த்துக்கள் டாக்டர்."

"தேங்க்ஸ்" என்று டாக்டரம்மா கை கொடுத்தார். பிடித்த கையை அவர் விடவில்லை. வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி, விரல் ஏதாவது நடுங்குகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு அந்தக் கையை மெல்லக் கொண்டுபோய், தம் தொப்புள் ஓரமாகப் போர்வை மேல் வைத்துவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டார்.