கேட்டில் தொங்கிய புட்டி

நம் கறுப்பு நாய் செத்ததற்குப் பரிசோதனைக்கூடத்தின் தப்புதான் காரணம் என்று பிள்ளைகள் நீங்கள் இருவரும் நம்புகிறீர்கள். அது உண்மையில்லை. நடந்ததை எழுதிவிடுகிறேன்.

அப்போது நாம் பாயான் பாருவில் இருந்தோம். நாயைக் குளிப்பாட்டும்போது பெரியவள்தான் அதன் பால்காம்புக்குப் பக்கத்தில் கொண்டைக்கடலை அளவு கட்டி இருப்பதைக் கண்டுபிடித்தாள். மிருக டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டு, கட்டியில் ஒரு துணுக்கை வெட்டி, மருந்துத் தண்ணீர் நிரப்பிய சின்னப் புட்டியில் போட்டார். புற்றா, வெறும் கொழுப்பா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாதாம். புட்டியை மறுநாள் காலையில் புக்கிட் தெங்காவில் உள்ள பரிசோதனைக்கூடத்தில் கொடுக்கச் சொன்னார். புற்றாக இருந்தாலும் இந்த அளவில் வெட்டி எடுத்தால் பிழைத்துக்கொள்ளும் என்றார்.

நான் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்க விரதம் இருந்தேன். வீட்டில் முட்டைகூட வாங்கவில்லை. வேல் வைத்து விளக்கேற்றிய வீட்டுக்குள் சதைத்துண்டை எப்படி வைப்பது? புட்டியை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு கேட்டில் தொங்கவிட்டேன். நம் வரிசையில் எல்லாரும் குப்பைப் பையை அப்படித்தான் தொங்கவிடுவார்கள். அது தெரிந்தும் எனக்கு உறைக்கவில்லை.

காலையில் சாமி கும்பிட்டுவிட்டு வந்து பார்த்தேன், பை இல்லை. குப்பை லோரி வந்து போய்விட்டது என்றாள் உங்கள் அம்மா. அவளிடமும் நான் உண்மையைச் சொல்லவில்லை.

திரும்பப் போய் டாக்டரிடம் சொல்லியிருந்தால் இன்னொரு துணுக்கு எடுத்திருப்பார். அவ்வளவுதான் வேலை. ஆனால் குப்பையில் போய்விட்டது என்று எந்த முகத்தோடு சொல்வது? நாளை, நாளை என்று தள்ளினேன். இரண்டு வாரம் கழித்து பெரியவள் கேட்டாள்.

"அப்பா, ரிசல்ட் வந்துருச்சா?"

"வந்துருச்சுமா. ஒன்னும் இல்லையாம். வெறும் கொழுப்புதான்லா."

அவள் ஓடிப்போய் அதை நாயின் காதில் சொன்னாள்.

தீபாவளி நெருங்கும்போது நாய் மூச்சுவிடவே திணறியது. அதே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனோம். கட்டி நெஞ்சுவரை பரவிவிட்டது என்றார். போன தடவை கூடத்தில் என்ன சொன்னார்கள் என்று அவர் கேட்டதும், நான் வாயைத் திறக்குமுன் பெரியவள் மலாயில் பதில் சொன்னாள்: நல்ல கட்டிதான் என்று சொன்னார்களாம், அப்பாதான் கேட்டு வந்தார்.

கூடத்து முடிவு டாக்டருக்குத்தான் வரும்; வராததால்தான் கேட்டிருக்கிறார். அது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் என்னைப் பார்த்தார். அவளையும் பார்த்தார். பிறகு நாயின் தலையைத் தடவிக்கொடுத்தார். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். போன வாரம் பெரியவள் போனில், தன் பூனைக்குத் தாடையில் கட்டி வந்திருக்கிறது என்றாள். டெஸ்ட் எடுக்கச் சொன்னாராம் டாக்டர்.

"எதுக்குப்பா? அன்னைக்கும் ஒன்னும் இல்லன்னுதானே சொன்னாங்க."

அப்போதும் நான் ஊம் கொட்டிவிட்டு போனை வைத்துவிட்டேன்.

அம்மாடி, அந்தக் கூடத்தில் யாரும் தப்பாகச் சொல்லவில்லை. அந்தப் புட்டி அங்கே போகவே இல்லை. பொய் சொன்னது அப்பாதான். என்மேல் எவ்வளவு கோபம் வேண்டுமானாலும் படு. ஆனால் பூனையை நாளைக்கே கொண்டுபோய்க் காட்டு.