எங்களுக்கு முன்னால் போன பஸ்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு இந்த மாதிரி விஷயங்களில் நம்பிக்கை கிடையாது. பாகூர் ஏரிக்கரையில் கொள்ளிவாய்ப் பிசாசு என்று ஊரே கதவைச் சாத்தியபோது, கிட்டப் போய்ப் பார்த்து, அது மீன் பிடிக்க வந்தவன் கையில் இருந்த பந்தம் என்று கண்டு சொன்னவன் நான். அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் கோபப்பட மாட்டேன். வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். ஆனால் நடந்ததை நடந்தபடிதான் சொல்கிறேன்.

அப்போது எங்கள் பக்கம் பிரெஞ்சுக்காரன் ஆட்சி. எனக்கு இருபத்திரண்டு வயது. என் அக்கா தனலட்சுமியைக் கட்டிக் கொடுத்த பாகூர் வீட்டிலேயே தங்கி, அவர்களுடைய கரும்புக் கொல்லையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா புருஷனை மாமா என்றுதான் கூப்பிடுவேன். சைகோனில் பல வருஷம் லாரி ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவர், அதிகம் பேசமாட்டார், அக்கா சொல்லைத் தட்டவும் மாட்டார்.

அந்த வருஷம் அக்காவுக்கு விஷக்காய்ச்சல் வந்து மூன்று மாதம் படுக்கையில் கிடந்தாள். தலைமுடியெல்லாம் கொட்டிப்போய், எலும்பும் தோலுமாக, பிழைப்பாள் என்று யாருக்கும் நம்பிக்கையில்லை. பிழைத்துவிட்டாள். காய்ச்சல் விட்டபின்னும் சோறு இறங்கவில்லை, யாரிடமும் பேச்சில்லை, சுவரைப் பார்த்தபடியே கிடந்தாள். உனக்கு என்னதான் வேண்டும் சொல் என்று மாமா ஒரு நாள் கேட்டார். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், "கடலோரமாவே ஒரு வாரம் போவணும். தங்கறதுக்கு எவன் வூட்டுக் கதவையும் தட்டக் கூடாது" என்றாள்.

ஏதோ காய்ச்சல் பிதற்றல் என்று நான் நினைத்தேன். மாமா அப்படி நினைக்கவில்லை. பத்தே நாளில், வில்லியனூர்ப் பக்கம் ஓடி ஓய்ந்து ஒரு கொட்டகையில் கிடந்த பழைய பஸ்ஸை வாங்கி, இரண்டு ஜோடி மாடு பூட்டி இழுத்துவந்து எங்கள் கரும்பாலைக் களத்தில் நிறுத்திவிட்டார். இதுதான் உன் வீடு, எங்கே வேண்டுமோ போகலாம் என்றார். அக்கா எழுந்து உட்கார்ந்தாள். அன்றைக்கு இரண்டு கரண்டி ரசம் சோறு சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் வேறு பேச்சே கிடையாது. மாமா இன்ஜினைப் பிரித்து ஓட வைத்தார். உள்ளே இருந்த பெஞ்சுகளைக் கழற்றிப் போட்டோம். ஆசாரி வந்து மடக்குக் கட்டில் இரண்டு அடித்தார். பின்பக்கம் அடுப்புக்கு ஒரு தகர மேடை. வண்டி குலுங்கினால் பாத்திரம் உருளுமே என்று அக்காதான் யோசனை சொன்னாள், அலமாரிப் பலகையில் வட்ட வட்டமாக ஓட்டை போட்டு ஒவ்வொரு செம்பும் குண்டானும் அதனதன் ஓட்டையில் கழுத்துவரை உட்காருகிற மாதிரி செய்யச் சொன்னாள். ஆசாரி முதலில் முனகினார், செய்து முடித்தபின் எனக்கே தோன்றாமல் போச்சே என்று போகிறவன் வருகிறவனுக்கெல்லாம் காட்டினார். அக்கா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி வண்டிக்குள் நடப்பாள், நாளுக்கு நாள் கொஞ்சம் கூட நடப்பாள். பலகைச் சுவரில் சாக்குக்கட்டியால் ஏழு நாளையும் எழுதி வைத்தாள். முதல் நாள் வீராம்பட்டினம், அம்மனைக் கும்பிட்டுவிட்டுப் புறப்பாடு. அப்புறம் தேவனாம்பட்டினம், பரங்கிப்பேட்டை, அங்கே கழிமுகத்தில் இரட்டைப் படகில் வண்டியை ஏற்றி அக்கரை போய், மணல் தடத்திலேயே தெற்கே, தரங்கம்பாடி, காரைக்கால். அழித்து அழித்து எழுதுவாள். படகில் வண்டி போவதுதான் அவளுக்கு எல்லாவற்றையும் விடப் பெரிய குஷி. வண்டிக்குள் உட்கார்ந்தபடி தண்ணீர் மேல் போகலாமாடா என்று தினம் என்னைக் கேட்பாள்.

மாமாவின் அம்மாதான் ஒத்துக்கொள்ளவில்லை. எழுந்து நடமாட ஆரம்பித்த பெண்ணைக் கண்ட இடத்தில் நிறுத்துவதா, ஒவ்வொரு ஊரிலும் தெரிந்த ஆள் இருந்தால்தான் அனுப்புவேன் என்றார். அதனால் நான் சைக்கிளில் முன்னால் போய், வண்டி நிறுத்த இடம், நல்ல தண்ணீர், ஒரு பொறுப்பான ஆள், எல்லாம் பார்த்து வருவதென்று முடிவாயிற்று. வண்டியின் சக்கரம் நான்கும் அப்போது புது டயர் போட டவுனுக்குப் போயிருந்தது. வண்டி செங்கல் அடுக்கின் மேல் நின்றது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீராம்பட்டினத்தில் மீன் காயவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம், அடுத்த மாதம் இங்கே ஒரு பஸ் நிறுத்திக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "போன வாரம் வுட்ட எடத்துலயே வுட்டுக்க. இதுக்கு இன்னா கேள்வி" என்றார். ஆள் மாறிப் பார்க்கிறீர்கள் என்றேன். மஞ்சள் பஸ், உள்ளே செம்புக்கெல்லாம் பலகையில் ஓட்டை போட்டிருக்கும், தலையில் துண்டு கட்டிய பொண்ணு ஒன்று கூட வந்ததே என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் எங்கள் பஸ் மஞ்சள் இல்லை, பெயின்ட் உரிந்து வெறும் தகரமாக நிற்கிறது. நம்மைப் போலவே இன்னொரு பைத்தியம் கிளம்பியிருக்கிறது என்று சிரித்துக்கொண்டே போய்விட்டேன். தேவனாம்பட்டினத்தில் காபி கிளப் வைத்திருந்தவரும் அதையே சொன்னார். என்னைப் பார்த்ததும் கேட்காமலே சர்க்கரை குறைத்துக் காபி கொடுத்தார். நான் அப்படித்தான் குடிப்பேன், நம்பினால் நம்புங்கள்.

சைக்கிளை ரயிலில் போட்டுக்கொண்டு பரங்கிப்பேட்டை போய்ச் சேர்ந்தபோது நல்ல உச்சி வெயில். கழிமுகத்தில் தண்ணீர் கண்ணாடி மாதிரி மின்னியது. படகுக்காரர் நாற்பது வயது இருக்கும், வலை பின்னிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் அப்படியே போட்டுவிட்டு எழுந்து வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தம்மா கெடச்சாங்களாப்பா?"

எந்த அம்மா என்றேன்.

"போவசொல்ல மூணு பேரா போனீங்க. திரும்பி வரசொல்ல நீயும் அந்த டிரைவரும்தான். நீ இதோ இந்த மணல்ல உக்காந்துதான அழுத. நாங்க நாலு படகு போட்டு ரெண்டு நாளு தேடனோமேப்பா."

அவர் முகத்தில் விளையாட்டு இல்லை, என்னைப் பார்க்கப் பாவமாக இருந்தது அவருக்கு. அடுத்த ரயிலைப் பிடித்துத் திரும்பிவிட்டேன்.

களத்துக்குள் சைக்கிளைத் திருப்பினால், மாமா பிரஷ்ஷும் கையுமாக நிற்கிறார். பஸ் பாதி மஞ்சளாக இருக்கிறது. டவுனில் இந்தக் கலர்தான் கிடைத்தது என்றார்.

ஆலைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டுபோய் எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. களத்தில் அக்கா யாருடைய கையையும் பிடிக்காமல் பஸ் படியில் ஏறி இறங்கிப் பழகிக்கொண்டிருந்தாள், அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "போவலன்னா அவ திரும்பப் படுத்துடுவாடா" என்றார். அப்புறம், "வழிய மாத்திடு" என்றார்.

அக்காவிடம் பொய் சொன்னேன். படகு நம் வண்டி கனத்தைத் தாங்காதாம், சிதம்பரம் வழியாகத்தான் போகணுமாம் என்றேன். அவள் முகம் ஒரு கணம் விழுந்துவிட்டது. அப்புறம் பரங்கிப்பேட்டையை அழித்துவிட்டு, சிதம்பரம் என்று எழுதி, அப்படியென்றால் கோயிலும் பார்க்கலாம் என்றாள்.

போனோம். அந்த ஒரு வாரம் மாதிரி என் ஆயுளில் இன்னொரு வாரம் வரவில்லை. எல்லையில் சுங்கக்காரர்கள் வண்டிக்குள் ஏறி, சாமானைச் சோதிப்பதை விட்டுவிட்டுக் கட்டிலை மடக்கி மடக்கிப் பார்த்தார்கள். அக்கா ஓடுகிற வண்டியிலேயே காபி போட்டாள், ஒரு சொட்டு சிந்தவில்லை. ஒரு செம்பும் உருளவில்லை. தரங்கம்பாடியில் அலை வண்டிச் சக்கரத்தைத் தொடுகிற தூரத்தில் நிறுத்தினோம், அவளை மட்டும் நானோ மாமாவோ கணுக்கால் தண்ணீருக்கு மேல் இறங்க விடவில்லை. இரண்டு ஆம்பளைகளும் கடலுக்குப் பயப்படுகிறீர்களே என்று கேலி செய்தாள். காரைக்காலில் ஒரு முழு மீனைத் தனியாகவே தின்று தீர்த்தாள். ஏழாம் நாள் சாயங்காலம் பாகூர் வந்து சேர்ந்தோம், மூன்று பேரும். மாமாவின் அம்மா வாசலில் ஆரத்தி எடுத்தார். நானும் மாமாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம், அவ்வளவுதான், முடிந்தது என்று.

மறுநாள் காலை அக்கா பெட்டியைப் பிரித்துத் துணிகளை வெளியே எடுத்துப் போட்டாள். காரைக்கால் கோயிலுக்கென்று வைத்து, அலைச்சலில் மறந்து, கட்டாமலே கொண்டுவந்த அரக்குச் சிவப்புப் புடவை பெட்டியின் நடுவில் இருந்தது. அதற்கு மேலே இருந்த புடவைகள் காய்ந்திருந்தன, கீழே இருந்தவையும் காய்ந்திருந்தன. அது மட்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. தண்ணீரில் இறங்குகிறவர்கள் இடுப்பில் இழுத்துச் செருகுவார்களே, அந்தச் சுருக்கம் அப்படியே இருந்தது. உதறினால் மணல் கொட்டியது.

"இத யாருடா கட்னது? நான் எடுக்கவே இல்லியே" என்றாள் அக்கா.

மாமா உள்ளே போய்விட்டார். அக்கா அதை நல்ல தண்ணீரில் அலசிக் கொடியில் போட்டாள். அதற்குப் பிறகு அவள் நெடுங்காலம் நன்றாக வாழ்ந்தாள், அந்தப் புடவையையும் பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் ஆசையாகக் கட்டினாள். ஆனால் எத்தனை தரம் துவைத்தாலும், காய்ந்து எடுக்கும்போது கீழ்க்கரையிலிருந்து, கட்டினால் மார்பு வருகிற உயரம்வரை வெள்ளையாக உப்பு பூத்திருக்கும். இதோ, இப்போது என் வீட்டுப் பெட்டியில்தான் இருக்கிறது. தொட்டுப் பார்க்கிறீர்களா என்று கேட்கலாம், ஆனால் போன மழைக்காலத்தில் திறந்து பார்த்தபோது அந்த வெள்ளை கழுத்து வருகிற உயரம்வரை ஏறியிருந்தது.