பதினொன்றாம் வரிசை

என் அண்ணன் எதையும் இரண்டு முறை எண்ணுவான். மாடி ஏறும்போது படிகளை எண்ணுவான், இறங்கும்போது சரிபார்ப்பான். ஆறு ஆணி வாங்கினால் கடையிலேயே எண்ணி, வீட்டுக்கு வந்து மேசையில் பரப்பி இன்னொரு தடவை எண்ணுவான். கல்யாணமான புதிதில் அண்ணி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பிறவியிலேயே இப்படியா, இல்ல நடுவுல வந்த வியாதியா?" என்று கேட்டாள். நடுவில் வந்ததுதான் என்றேன். யாரால் வந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை.

இன்றைக்கு உலகம் கொண்டாடுகிற, எங்கள் ஊர்க்காரர் என்று நகராட்சி மார்தட்டிக்கொள்கிற அந்தச் சுவரோவியரிடம்தான் அண்ணன் வேலை பார்த்தான். அவர் சுவர் பக்கம் அதிகம் வரமாட்டார். ஒரு தாளில் படம் போட்டு, அதன்மேல் பென்சிலால் கட்டம் கட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அதே கட்டங்களைச் சுவரில் இரண்டடிக்கு இரண்டடியாக அடித்து, தாளில் இருப்பதைக் கட்டம் கட்டமாகப் பெரிதாக்குவது அண்ணன் வேலை. அண்ணன் கையில் எப்போதும் சாயம் இருக்கும் என்பதால் தாளைத் தொடமாட்டான். நான் பக்கத்தில் நின்று படித்துச் சொல்வேன். "ஒம்பதாவது வரிசை, ஆறாவது கட்டம். இடது ஓரத்துலேர்ந்து நாலு விரல் தள்ளி உள்ள வா, நேரா மேல போ." அவன் கண் சுவரில் இருக்கும், காது என் வாயில் இருக்கும். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது.

பேருந்து நிலையத்தின் பெரிய சுவர் அது. வண்டியை நிறுத்தக் கையைத் தூக்கி நிற்கும் ஒரு பெண். சாரத்துக்கு வெளியே சாக்குப்படுதா தொங்கியதால் தெருவிலிருந்து யாருக்கும் ஒன்றும் தெரியாது. மூக்கு சுவரில் இடிக்கிற தூரத்தில் நிற்கிற எங்களுக்கும் முழுப் படம் தெரியாது. கீழிருந்து மேலாக ஒவ்வொரு வரிசை முடிந்ததும் தாளின் ஓரத்தில் நான் ஒரு குறி போடுவேன். அண்ணன் சுவரின் ஓரத்தில் சுண்ணக்கட்டியால் எண் எழுதுவான். அதுதான் எங்கள் முறை.

பதினொன்றாம் வரிசை முடிந்தபோது என் பென்சில் முனை ஒடிந்தது. சாப்பிட்டுவிட்டு வந்து குறி போட்டுக்கொள்ளலாம் என்று இறங்கிவிட்டேன். அந்த இடைவேளையில் சாரத்தை ஒரு தட்டு உயர்த்தினார்கள். அந்த அவசரத்தில் அண்ணனும் எண் எழுத மறந்தான். திரும்பி வந்து தாளைப் பார்த்தேன். கடைசிக் குறி பத்தில் இருந்தது. பதினொன்றை மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். அந்த வரிசையில் கையையும் வானத்தையும் தவிர வேறொன்றும் இல்லை. முழங்கைக்கு மேல் ஏற்கெனவே இரண்டடி இருந்தது. அதன்மேல் இன்னொரு இரண்டடியை அண்ணன் இழைத்தாற்போல் ஒட்டினான்.

விரல் நுனிக்கு வந்தபோது, "என்ன வானம் குறையுது?" என்றான். தாளில் விரலுக்கு மேல் இரண்டு கட்டம் வானம் இருந்தது. சுவரில் ஒன்றுதான் மிச்சம். எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. "சுவர் கொஞ்சம் குட்டையா இருக்கும்ணா" என்றேன். நான் சொன்னதை அவன் நம்பினான். என்றைக்குத்தான் நம்பாமல் இருந்தான்?

படுதாவை அவிழ்த்த அன்று ஓவியர் வந்தார். கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். மறுநாள் திறப்புவிழா, திருத்த நேரமில்லை. "இது கையா, கழியா? எண்ணத் தெரியாதவனை எவன்டா சாரத்துல ஏத்துனது?" என்று நாற்பது ஆட்களுக்கு நடுவே கத்தினார். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. "நான்தான் சார் நம்பர் எழுத மறந்துட்டேன்" என்றான். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம், தாளை மார்போடு அணைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றது, வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு எந்தச் சுவரும் அவனுக்குக் கிடைக்கவில்லை. கூட வேலை செய்தவர்கள் 'நீளக்கை' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். கதை தெரியாதவர்கள் திருடன் போலிருக்கிறது என்று பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் சாலையில் கோடு போடும் ஒப்பந்தக்காரரிடம் சேர்ந்தான். வெள்ளைக் கோடு, மஞ்சள் கோடு, வண்டி நிறுத்தும் கட்டம். குனிந்து குனிந்து இடுப்பு போனது. அதே பேருந்து நிலையத்தில், அதே சுவருக்கு அடியில், வருஷத்துக்கு ஒருமுறை தரையில் கட்டம் போடுவான். அண்ணாந்து பார்க்கமாட்டான். நான் தையற்கூடத்தில் காலர் தைக்கப் போனேன். நன்றாகத்தான் சாப்பிட்டேன், தூங்கினேன். மனசாட்சி உறுத்தினால் தூக்கம் வராது என்பதெல்லாம் சும்மா.

ஓவியருக்கோ பழம் நழுவிப் பாலில் விழுந்தது. அந்தக் கையைப் படமெடுக்க எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்தார்கள். அதற்கப்புறம் அவர் வரைந்த பெண்ணுக்கும் ஆணுக்கும் குழந்தைக்கும்கூடக் கை நீண்டுபோனது. அவர் பெரிய மனிதர் ஆனார்.

இருபத்தாறு வருஷம் கழித்து அவரையும் இந்த நகரத்தையும் பற்றி ஆவணப்படம் எடுக்க ஒரு இயக்குநர் வந்தாள். நிலையத்து நேரக்காப்பாளர், தரையில் கோடு போட்டுக்கொண்டிருந்த அண்ணனைக் கைகாட்டியிருக்கிறார். இரண்டு மணிநேரம் பேசினானாம். தப்பு தன்னுடையது என்று கேமரா முன்னாலும் சொல்லியிருக்கிறான். மறுநாள் என் தையற்கூடத்துக்கு வந்தார்கள். அந்தப் பெண் என்ன கேட்டாள் என்று நினைவில்லை. நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஒடிந்த பென்சில், பத்தோடு நின்ற குறி, குட்டைச் சுவர் என்ற பொய். "அண்ணன்கிட்ட நேரா சொல்ல எனக்கு வாய் வரலைம்மா. படத்துல வந்தா அவரே கேட்டுப்பாரு" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இந்தப் படத்துக்கே உயிர் இதுதாம்மா" என்றாள். ஐந்து மாதம் அந்த வார்த்தையை நம்பி, அண்ணன் முகத்தைப் பார்ப்பதைத் தள்ளிப்போட்டேன்.

நகராட்சி மண்டபத்தில் பகல் காட்சி. அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தான். இருக்கைகளை எண்ணிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான். இன்னும் சற்று நேரத்தில் இவன் என்னை அடிக்கலாம், அழலாம், எழுந்து போகலாம், எதுவானாலும் சரி என்று இருந்தேன்.

படத்தில் அண்ணன் எட்டு நொடி வந்தான். குனிந்து மஞ்சள் கோடு போட்டான், குரல் இல்லை. 'நகரத்தின் உழைப்பாளி ஒருவர்' என்று எழுத்து ஓடியது. நானும் வந்தேன், தையல் இயந்திரத்தில் இரண்டு கையாக மட்டும். பிறகு ஓவியர் அந்தச் சுவர் முன்னால் நின்று, கண்ணை மூடித் திறந்து பேசினார். "இந்த நகரம் என்றைக்கும் எதற்காகவோ கையேந்திக் காத்திருக்கிறது. அந்த ஏக்கத்தை எப்படிக் காட்டுவது? பல இரவு யோசித்தேன். கையை நீட்டினேன்." முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார். அரங்கமே கைதட்டியது.

அண்ணன் எழுந்து நின்றான். "அது நான் போட்ட கை!" என்று கத்தினான். பின்னாலிருந்து, "உட்காருங்க பெரியவரே, மறைக்குது" என்றார்கள்.

வாசலில் இயக்குநரைப் பிடித்தேன். "நான் சொன்னது என்னாச்சும்மா?"

"மன்னிச்சுக்குங்கம்மா. படம் அவரைப் பத்தினது. எடிட்டிங்ல போயிடுச்சு." தலையைத் தாழ்த்தித்தான் சொன்னாள். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

பேருந்து நிறுத்தத்தில் அண்ணன் முகத்தைப் பார்த்தேன். கோபமாக இருப்பான் என்று நினைத்தேன். கோபம்தான், ஆனால் அதற்குள்ளே என்னமோ ஒரு வெளிச்சம். இருபத்தேழு வயதில் சாரத்தில் பார்த்த முகம்.

"பாத்தியா, எவ்வளவு பேரு கை தட்டுனாங்க! இத்தனை வருஷமா தப்புன்னு நெனைச்சுக் குனிஞ்சே கிடந்தேன். தப்பா அது? அவன் திருடிட்டான், திருடட்டும். போட்டது யாரு? நான். இந்தக் கைதானே போட்டுது?"

அங்கேயே வாயை மூடியிருக்கலாம். திறக்க வேண்டிய நாளெல்லாம் மூடியிருந்த வாய், திறக்கக் கூடாத நேரம் பார்த்துத் திறந்தது.

"அண்ணா, அது உன் தப்பு இல்ல. பதினொண்ணாவது வரிசையை ரெண்டு தடவை படிச்சது நான். அன்னிக்கே தெரியும் எனக்கு. பயந்துட்டுச் சொல்லலை."

என்னை உற்றுப் பார்த்தான். இரண்டு முறை எண்ணுகிற மனிதன் என் முகத்தையும் இரண்டு முறை பார்த்தான்.

"இத்தனை வருஷம் இல்லாம இன்னிக்கு எப்படி ஞாபகம் வந்துது?" என்றான். "என்னை எல்லாரும் காறித் துப்பினப்ப எங்க போயிருந்தே? அவன்தான் வெளியாளு. கூடப்பிறந்த நீயும் பங்குக்கு வந்துட்டியா?"

வந்த பேருந்தில் ஏறிக்கொண்டான். நான் அடுத்ததில் போனேன்.

அவன் வீட்டில் இப்போது அந்தச் சுவரின் படம் மாட்டியிருக்கிறதாம். வருகிறவர்களிடமெல்லாம் கதை சொல்கிறானாம். தங்கச்சி என்ற பேச்சே அதில் வருவதில்லையாம். நான் போன் செய்தால் எடுப்பதில்லை. போன வாரம் அண்ணிதான் எடுத்தாள்.

"ஏம்மா, அவருக்குன்னு வாழ்க்கையில இருக்கிறது அது ஒண்ணுதானே. அதையுமா கேக்கிறே?"

"இல்ல அண்ணி, எனக்கு எதுவும் வேண்டாம். நான் சொன்னது பொய்னு அவர்கிட்ட சொல்லிடுங்க."

"அது அவருக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு அண்ணி போனை வைத்துவிட்டாள்.