செல்வராஜ் பெட்ரோல் டேங்கைத் திறக்காத வருடங்கள்

அன்று காலை ஒரு காரின் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு ஒயர் பார்த்துக்கொண்டிருந்தேன். போனில் செல்வராஜின் பெயர் வந்தது. பட்டறைக்கு வந்து சேராமல் போனில் என்ன பேச்சு என்ற எரிச்சலில், "ஏ மாப்ளே, இன்னும் ஊட்ட உட்டுக் கெளம்பலையா?" என்று கேட்டேன். பேசியது அவன் மனைவி வசந்தா. "அண்ணா, அவரு போயிட்டாருங்க" என்றாள். நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டது. கையிலிருந்த டெஸ்ட் லைட்டை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியாமல் அதைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

பனியன் கம்பெனிகள் சூழ்ந்த மண்ணரையில் எங்கள் பட்டறைக்கு வண்டி விட்டவர்கள் எல்லோருக்கும் அவனைத் தெரியும். எஞ்சின், டேங்க், பெட்ரோல் பம்ப் எல்லாம் அவன் பக்கம். ஒயரிங் என் பக்கம். நாங்கள் சொந்தக்காரர்கள் இல்லை. ஆனாலும் கூட்டு சேர்ந்த நாளிலிருந்தே ஒருவரையொருவர் மாப்ளே என்றுதான் கூப்பிட்டுக்கொண்டோம். சண்டை போட அந்த முறை வசதியாக இருந்தது.

ஓடுகிற வண்டி திடீரென்று நின்றுவிடுகிறது என்று யாராவது வந்தால், பல இடங்களில் பம்ப்பை மாற்றிவிடு என்பார்கள். செல்வராஜ் அப்படிச் சொல்ல மாட்டான். சாவியைத் திருகச் சொல்லிவிட்டுப் பின்சீட்டில் காதை வைப்பான். டேங்குக்குள் பம்ப் ஓரிரு நொடி முனக வேண்டும். முனகல் இல்லையென்றால் என்னைக் கூப்பிடுவான்; ஃபியூஸ், ரிலே, பம்ப்புக்குக் கரண்ட் வருகிறதா என்று நான் பார்க்க வேண்டும். முனகல் இருந்தால் கேஜை மாட்டி, பெட்ரோல் போதிய அழுத்தத்தோடு வருகிறதா என்று அவன் பார்ப்பான். "பம்பக் குத்தஞ் சொல்றது சுலபம். அது பாட்டுக்குத் தொட்டிக்குள்ள கெடக்குது, எதுத்துப் பேசாது பாரு" என்பான்.

பெட்ரோல் ரிசர்வில் இருக்கும்போதே வண்டி ஓட்டுகிறவர்களைக் கண்டால் அவனுக்கு ஆகாது. பம்ப்பைச் சுற்றி இருக்கும் பெட்ரோல்தான் அதன் சூட்டைத் தணிக்கிறது. பனியன் கம்பெனி முதலாளிகள் பலருக்கு இதற்காக அவனிடம் நேரடியாகவே திட்டு விழுந்திருக்கிறது. "மெஷினுக்கு நூல் தீரறதுக்குள்ள கோன மாத்தறீங்க. காருக்கு மட்டும் ஏனுங்க இந்தப் பட்டினி?" என்று கேட்பான். அவர்களும் சிரித்துக்கொண்டே நேராகப் பெட்ரோல் பங்குக்குப் போவார்கள்.

இனிச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கொஞ்ச வருடங்களாகச் செல்வராஜ் பம்ப் வேலையைத் தொடவில்லை. ஏன் என்று எங்களிடம் வண்டி விட்ட உங்களில் பலர் கேட்டீர்கள். முதுகுவலி என்று அவன் சொன்னது பொய்.

நம் ஊரில் பட்டறைக்குத் துடைக்கிற துணி வாங்கும் பழக்கம் கிடையாது. கம்பெனிக்காரர்கள் வண்டி விட வரும்போதே ஒரு மூட்டை கட்டிங் வேஸ்ட்டை டிக்கியில் போட்டுக்கொண்டு வந்து அன்போடு இறக்கிவிட்டுப் போவார்கள். துணி வெட்டியபின் மிஞ்சும் அந்தத் துண்டுகளால்தான் கையைத் துடைப்போம், எஞ்சினைத் துடைப்போம், டேங்கின் உள்ளேயும் துடைப்போம். குன்னத்தூர்ப் பக்கத்திலிருந்து வரும் தண்டபாணி அப்படி ஒரு மூட்டை சிவப்புத் துணியைக் கொடுத்துவிட்டுத்தான் தன் காரை விட்டார். பழைய பம்ப் தளர்ந்துபோயிருந்தது. செல்வராஜ் புதியதைப் போட்டு, டேங்க் அடியில் இருந்த கசடையெல்லாம் சுத்தமாகத் துடைத்துக் கொடுத்தான். எந்தத் துணியால் துடைத்தான் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

பிறகு அந்த வண்டி எங்களைப் பாடாய்ப் படுத்தியது. ஊருக்குள் நன்றாக ஓடும். பெரிய ரோட்டில் அழுத்தி ஓட்டினால் திணறி நின்றுவிடும். கொஞ்ச நேரம் நிழலில் விட்டால் ஒன்றுமே நடக்காதது மாதிரி ஸ்டார்ட் ஆகும். பட்டறையில் வைத்துப் பார்த்தால் முனகல் சரி, அழுத்தம் சரி, என் ஒயரிங்கும் சரி. சரியாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினோம். அடுத்த வாரமே தண்டபாணியின் மகளுக்கு உறுதிவார்த்தை, கல்யாண நிச்சயம். பெண்ணின் அப்பா மண்டபத்துக்குப் போகிற வழியில் கார் நின்றுவிட்டது. பட்டு வேட்டியோடு ஒரு சரக்கு ஆட்டோவில், பனியன் பண்டல்களுக்கு நடுவே உட்கார்ந்து போய் இறங்கியிருக்கிறார் மனிதர்.

மறுநாள் வண்டி வந்ததும் செல்வராஜ் டேங்கைத் திறந்து பம்ப்பை வெளியே எடுத்தான். அதன் அடியில் பெட்ரோலை வடிகட்டும் வலை முழுக்கச் சிவப்புப் பஞ்சு. ஓடும்போது வலையில் போய் ஒட்டி அடைத்துக்கொள்ளும், நின்றால் விலகி மிதக்கும். அதனால்தான் எங்கள் கையில் பிடிபடவே இல்லை. எங்கள் தொழிலில் இந்த மாதிரி நேரத்துக்கு ஒரு பதில் தயாராக இருக்கும்: பெட்ரோலில் அழுக்கு. அவன் அதைச் சொல்லவில்லை. தண்டபாணி முன்னால் அந்தப் பஞ்சை உள்ளங்கையில் வைத்துக் காட்டி, "இது நா செஞ்ச தப்புங்க. நாந்தா உள்ள வேஸ்ட்டுத் துணியப் போட்டுத் தொடச்சே" என்றான். அவர் பஞ்சைப் பார்த்தார், அவன் முகத்தைப் பார்த்தார். "செரிங்க" என்று சாவியை வாங்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு பட்டறைப் பக்கம் வரவில்லை.

நம் ஊர் மரியாதையில் இது ஒரு தொல்லை. சம்மதித்தாலும் செரிங்க, மனசு விட்டுப்போனாலும் செரிங்க. முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. தன்னால் ஒரு பெண்ணின் அப்பா சம்பந்தி வீட்டார் முன்னால் தலைகுனிந்துவிட்டார் என்று செல்வராஜ் முடிவுகட்டிவிட்டான். அவன் ரொம்பவும் பிடித்துச் செய்த வேலை அதோடு நின்றது. பம்ப் வண்டிகளை வேறு பட்டறைக்குக் கைகாட்டினான். யார் கொண்டுவந்தாலும் வேஸ்ட் மூட்டை வேண்டாம் என்றான். கொடுக்க வந்தவர்கள் இவனுக்குத் திமிர் வந்துவிட்டது என்று பேசினார்கள்.

நான் கேலி செய்து பார்த்தேன், திட்டியும் பார்த்தேன். ஒருமுறை பள்ளிக்கூட டீச்சர் ஒருவரின் கார் எங்கள் வாசலிலேயே நின்றுபோனது. கையைக் கட்டிக்கொண்டு எட்ட நின்றே பம்ப்தான் என்று சொல்லிவிட்டான். திறடா என்றேன். "கை கூசுது மாப்ளே. நீ தொற, நா டார்ச் புடிக்கறே" என்றான். நான் திறந்து மாட்டி முடிக்கும்வரை என் கையில் பஞ்சு ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தான். ஒயர்க்காரன் பம்ப் மாட்டுகிறேன், பம்ப்புக்காரன் வெளிச்சம் காட்டுகிறான். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்தே வந்தது.

துக்க வீட்டுக்குத் தண்டபாணி வந்தார். மாலையைப் போட்டுவிட்டு என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். நல்ல மனுஷன், தன் தப்பைத் தானே சொன்ன மெக்கானிக்கை வேறு எங்கும் பார்த்ததில்லை என்றார். அப்புறம் ஏனுங்க வரவே இல்லை என்று கேட்டேன். புது வண்டி எடுத்துவிட்டாராம், ஷோரூமிலேயே சர்வீஸ் பார்த்துவிடுகிறார்களாம். அவ்வளவுதான் காரணம்.

"அன்னைக்கு உங்களுக்குக் கோவமில்லீங்களா?" என்றேன்.

"கோவமா? எதுக்குங்க? எங்க கம்பெனித் துணியே எங்க வண்டிய நிறுத்திப்போட்டுதுன்னு சம்பந்திகிட்டச் சொன்னே. அந்த மனுஷன் இன்னைக்கும் அதச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாருங்க. பொறந்த நாளு, சீருன்னு எது வந்தாலும் எங்க ஊட்டுல அந்தச் சரக்கு ஆட்டோ கதைதா."

காரியம் முடிந்த பிறகு இதை வசந்தாவிடம் சொன்னேன். சொல்லலாமா கூடாதா என்று குழம்பித்தான் சொன்னேன். "சாப்படறப்பக்கூடக் கையப் பாத்துட்டே உக்காந்திருப்பாருங்கண்ணா" என்றாள்.

குன்னத்தூர் இங்கிருந்து ஒன்றும் தூரமில்லை. ஒருநாள் ஒரு எட்டுப் போய்த் தண்டபாணி வீட்டு வாசலில் நின்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இன்னொருவர் மனதில் இருப்பது நமக்கே தெரியும் என்று இருந்துவிட்டோம். தப்பு நடந்தால் வண்டிக்காரர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுகிற அவன் குணத்தை நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். அதோடு அவன் விட்டுவிட்ட ஒன்றையும் சேர்த்துக்கொண்டேன். சொல்லி முடித்ததும், என்மேல் கோபமா என்று வாய்விட்டுக் கேட்டுவிடுகிறேன். இதுவரை ஒருத்தர்கூட ஆமாம் என்று சொல்லவில்லை, மாப்ளே.