ராகு காலத்தில் ஊர் வந்து சேர்ந்த கதை

தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா, வியட்நாம் என்று ஏழு மாதம் தனியாகச் சுற்றிவிட்டு, போன புதன்கிழமை வீடு வந்து சேர்ந்தேன். கிளம்பிப் போவதைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். திரும்பி வருவதைப் பற்றி அவ்வளவாக யாரும் எழுதுவதில்லை. என்னைக் கேட்டால் விசா வாங்குவதைவிடச் சிரமமானது அதுதான். ஆகவே இந்தப் பதிவு கடைசி நாளைப் பற்றி மட்டும்.

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அம்மா இந்த ஏழு மாதமும் என்னுடன் பேசவில்லை. பள்ளிபாளையத்தில் ஒரு நூல் மில்லில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலையை விட்டு, டிக்கெட்டும் போட்ட பிறகுதான் வீட்டில் சொன்னேன். "போறவ போ. இனி எங்கூடப் பேசற சோலி வெச்சுக்காத" என்றார் அம்மா. சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. வாரா வாரம் அண்ணிக்குத்தான் போன் செய்வேன். பின்னால் அம்மா இருமுவது கேட்கும். "அத்தை நல்லா இருக்கறாங்க" என்று அண்ணி சொல்வார், அத்தோடு சரி. வியட்நாம் மலைப்பாதையில் தனியாக பைக் ஓட்டியபோதுகூட வராத பயம், பெங்களூரில் விமானம் தரையைத் தொட்டதும் வந்துவிட்டது. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு போனால் அந்த வீட்டில் நான் எப்படி இருப்பது?

சரி, பயணத்துக்கு வருவோம். விமானம் காலை நான்கு மணிக்கு இறங்கியது. விமான நிலையப் பேருந்தில் ஊருக்குள் வர முந்நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். அங்கிருந்து சேலம் இருநூறு கிலோமீட்டர். ஐந்தே முக்கால் பேருந்தில் சன்னலோர இடம் கிடைத்தது. கிருஷ்ணகிரி வரை தூக்கம். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் ஓட்டுநர் பிரேக்கை மிதித்த மிதியில் விழித்துக்கொண்டவள், பிறகு தூங்கவில்லை. ஓமலூர் தாண்டியதும் பக்கத்து இருக்கைக்காரர், என் பையைப் பார்த்து, "டூருங்களா?" என்றார். "இல்லீங்க, ஊட்டுக்குப் போறேன்" என்றேன். ஏழு மாதம் கழித்து வாயில் 'ஊடு' வந்தது எனக்கே சந்தோஷமாக இருந்தது.

பத்தேகாலுக்குச் சேலம் புதிய பேருந்து நிலையம். இங்கேதான் தப்பு செய்தேன். திருச்செங்கோடு பேருந்து கிளம்பத் தயாராக நின்றது. ஏறியிருந்தால் பன்னிரண்டு மணிக்குள் வீட்டில் இருந்திருப்பேன். ஆனால் இட்லியும் தேங்காய்ச் சட்னியும் கூப்பிட்டன. ஒரு தட்டு என்று உட்கார்ந்தவள் இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு அடுத்த பேருந்தைப் பிடித்தேன். சங்ககிரி வழியாக நாற்பத்தெட்டு கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். வழியெல்லாம் லாரிப் பட்டறைகள், குச்சிக்கிழங்கு என்று நாங்கள் சொல்லும் மரவள்ளிக் காடுகள், இடையிடையே கோழிப்பண்ணை வாடை. மற்றவர்கள் மூக்கைப் பொத்தும் அந்த வாடையை நான் ஆழமாக இழுத்துக்கொண்டேன்.

திருச்செங்கோட்டிலிருந்து எங்கள் ஊருக்கு டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணமில்லை. ஏழு மாதமாக ஏறிய வண்டிக்கெல்லாம் காசு கொடுத்துச் சலித்தவள், பெருமையாக உட்கார்ந்தேன். நடத்துநர் என் பையை ஒரு பார்வை பார்த்தார். "உங்களுக்கு ஃப்ரீங்க. மூட்டைக்குக் கெடையாது" என்று பத்து ரூபாய் வாங்கிக்கொண்டார்.

பன்னிரண்டரைக்கு வீட்டு முன்னால் நின்றேன். கேட்டில் கை வைத்ததும் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அங்கயே நில்லு."

ஏழு மாதம் கழித்து அம்மா என்னிடம் சொன்ன முதல் பேச்சு அதுதான். பையை மண்ணில் வைத்தேன். திருச்செங்கோட்டில் இரவு தங்க எந்த விடுதி சரிப்படும் என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

அம்மா வாசல் வரை வந்தார். "இன்னிக்கு என்ன கெழம?"

"புதன்."

"மணி என்ன? ஒண்ணர வரைக்கும் ராகு காலம். எட்டு மாசம் சுத்திட்டு வார உங்கப்பாவையே கேட்டுக்கு வெளியதான் நிறுத்துவேன். உனக்குன்னு தனிச் சட்டமா?"

அப்பா போர்வெல் ரிக் வண்டிக்காரர். வருஷத்தில் எட்டு மாதம் ஒடிசா, சத்தீஸ்கர் என்று நிலத்தைத் துளைத்துக்கொண்டிருப்பார், இப்போதும் அங்கேதான் இருக்கிறார். தூரப் பயணம் போன ஆளோ வண்டியோ ராகு காலத்தில் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. ரிக் வீட்டில் பிறந்துவிட்டு இதை மறந்தது என் குற்றம்தான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. என்னைத் துரத்தவில்லை, எங்கள் வீட்டு ஆளாகத்தான் நிறுத்தியிருக்கிறார்.

பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று கேட்டுக்கு மேலே வந்தது. பின்னாலேயே ஒரு சொம்பு மோர். அம்மா தனக்கும் ஒரு நாற்காலி போட்டுக் கேட்டுக்கு உள்பக்கம் உட்கார்ந்தார்.

"எளச்சுப் போயிட்ட. அங்க என்னத்தத் தின்ன?"

"சோறுதாம்மா. அங்கயும் குச்சிக்கெழங்கு போடறாங்க. மைல் கணக்கா."

"நம்மூரு குச்சிக்கெழங்கா?" அம்மா நம்பவில்லை. கேட்டுக் கம்பி வழியாக போனை நீட்டிக் கம்போடியாவில் எடுத்த படத்தைக் காட்டினேன். வெகு நேரம் பார்த்தார். "பாரு கட்டாம விட்டுட்டாங்க" என்று, வரப்பு போல மண் அணைக்காததைக் குறை சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குத் தள்ளினார். ஆற்றில் தண்ணீர் வருமா, பெண்கள் வண்டி ஓட்டுவார்களா, ராத்திரி பயமில்லையா என்று கேள்வி மேல் கேள்வி.

"உங்கப்பாவும் முப்பது வருசமா போயிட்டு வாராரு. எந்த ஊரு எப்பிடி இருக்குதுன்னு ஒருநாளாவது சொல்லியிருப்பாரா? எத்தன அடியில தண்ணி வந்துச்சு, அது ஒண்ணுதான். நீ சொல்லு சாமி."

சொன்னேன். மீகாங் ஆற்றுப் படகு, லாவோஸில் காய்ச்சலில் படுத்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்த வீட்டுக்காரம்மா, எல்லாம். கஞ்சிக் கதையில் அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

அண்ணி வெளியே எட்டிப் பார்த்தார். "அத்தை, மணி ரெண்டேகாலுங்க. ராகு காலம் முடிஞ்சு எவ்வளவோ நேரமாச்சுங்க."

அம்மா எழுந்து கேட்டைத் திறந்து, பையை அவரே தூக்கினார். "என்னா கனம். அடுத்த தடவ போயிட்டு வாரப்பப் புதங்கெழம மத்தியானம் வராத."

அடுத்த தடவை. அதை அவர் வாயால் கேட்க ஆயிரம் மைல் போய் வரலாம்.

என்னைப் போலத் திரும்பி வருகிறவர்களுக்கு: பெங்களூரில் இறங்கினால் காலை ஆறு மணிக்குள் சேலம் பேருந்தைப் பிடியுங்கள், கூட்டம் இருக்காது. டவுன் பஸ்ஸில் மூட்டைக்குச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் எல்லோரும் உங்களோடு நன்றாகப் பேசுகிறார்கள் என்றால் நல்ல நேரம் பார்த்துப் போங்கள். பேசாத ஆள் ஒருவர் இருந்தால், தயங்காமல் ராகு காலத்தில் போய் நில்லுங்கள்.